நண்பன் நினைவாக மாரத்தான் ஓடி நிதி திரட்ட நினைக்கிறவருக்கு

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். உங்கள் கல்லூரி நண்பர் போன மார்ச்சில் ரத்தப் புற்றுநோயில் இறந்துவிட்டார், வயது 34. அவர் நினைவாக வரும் ஜனவரியில் சென்னை மாரத்தானில் முழுத் தூரம் ஓடி, ஐந்து லட்சம் ரூபாய் திரட்டி, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்குக் கொடுக்க ஆசைப்படுகிறீர்கள். இப்போது ஆகஸ்ட் நடு. இதுவரை ஓடிப் பழக்கம் இல்லை, எடை 84 கிலோ. ஐந்து மாதத்தில் முடியுமா, பணத்துக்கு என் ஜிபே எண்ணைப் போட்டால் போதுமா, இதுதான் நீங்கள் கேட்டது. ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: கடைசி ஒரு மாதம் அவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்கவே இல்லை, என்ன பேசுவது என்று தெரியவில்லை என்று. மற்ற கேள்விகளெல்லாம் அந்த வரியிலிருந்து கிளம்பி வந்த மாதிரி எனக்குப் படுகிறது. அதனால் அதையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் தொழிலால் ஆடிட்டர், சில சின்ன அறக்கட்டளைகளுக்குப் பல வருஷமாகக் கணக்கு பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பெசன்ட் நகர் பக்கம் ஓடுகிற கூட்டத்தில் ஒருவன், புதிதாக வருகிறவர்களைப் பழக்கிவிடுகிற வேலையும் எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. ஆக பணம், ஓட்டம் இரண்டிலும் எனக்குச் சொல்ல இருக்கிறது. மருத்துவன் இல்லை, துக்கத்துக்கு ஆலோசனை சொல்லப் படித்தவனும் இல்லை, அந்த இரண்டிலும் நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: ஓடுங்கள், ஆனால் இந்த ஜனவரியில் அரை மாரத்தான் ஓடுங்கள். பணம் ஒரு ரூபாய்கூட உங்கள் கணக்கில் விழ வேண்டாம். இரண்டையும் ஆரம்பிப்பதற்கு முன்னால் அவர் வீட்டுக்கு ஒரு முறை போய்விட்டு வாருங்கள்.

வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அவர் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் கேட்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவருடைய மனைவியும் பெற்றோரும்தான், எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் அந்த உரிமை நமக்கு வராது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் இதே மாதிரி நல்ல எண்ணத்தில், இறந்துபோன நண்பனின் படத்தைப் போட்டு ஒரு போஸ்டர் செய்து எல்லா வாட்ஸப் குழுக்களுக்கும் அனுப்பினான். கீமோவில் முடியெல்லாம் கொட்டி, மூக்கில் குழாயோடு படுக்கையில் இருந்தபோது எடுத்த படம். அப்படிப் போட்டால்தான் ஜனங்கள் பணம் தருவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது சுற்றிச் சுற்றி, ஒரு தூரத்து உறவுக்காரர் வழியாக இறந்துபோனவனின் அம்மாவின் போனுக்கே வந்து சேர்ந்தது, கீழே கைகூப்பும் பொம்மை இரண்டோடு. அந்த அம்மா மகனை அந்தக் கோலத்தில் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் எடுத்த படங்களையெல்லாம் அழிக்கச் சொல்லி, கல்யாணப் படத்தை மட்டும் மாட்டி வைத்திருந்தவர். பணம் என்னவோ நன்றாகத்தான் சேர்ந்தது. அந்தப் பையனால் அதற்கப்புறம் அந்த வீட்டுப் படி ஏற முடியவில்லை.

நம் வீடுகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. புற்றுநோய் என்று வெளியில் சொல்லாமல் 'உடம்பு சரியில்லை', 'மூளைக் காய்ச்சல்' என்று ஏதாவது சொல்லி வைத்திருப்பார்கள், தங்கைக்கு வரன் பார்க்கிற நேரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அது சரியா தப்பா என்று பேச இது இடமில்லை, ஆனால் உங்கள் போஸ்டர் மூலமாக ஊருக்குத் தெரியக் கூடாது. அப்புறம், சிகிச்சைக்கு வாங்கின கடன் இருக்கிறதா, குழந்தை இருந்தால் பள்ளிக் கட்டணம் எப்படிப் போகிறது என்று மெதுவாக, மனைவியிடமோ அண்ணன் தம்பியிடமோ கேட்டுப் பாருங்கள். நகையை அடகு வைத்து வட்டி கட்டிக்கொண்டிருக்கிற வீட்டின் பெயரைச் சொல்லி ஐந்து லட்சம் திரட்டி வேறு இடத்தில் கொடுத்தால், அவர்கள் வாய்விட்டு எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நிலைமை என்றால் வகுப்பு நண்பர்கள் பத்துப் பேர் சத்தமில்லாமல் கூடி அதை முதலில் முடிப்பது நல்லது. அதற்கு வரிக்கழிவு கிடையாது, வாங்குகிறவர் பக்கம் வரிக் கேள்வியும் வரும், கொடுப்பதற்கு முன் ஓர் ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

இந்தப் பழக்கமே நமக்குக் கொஞ்சம் புதிது. இறந்தவர் நினைவு நாளுக்கு முதியோர் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு போடுவது, வேண்டிக்கொண்டு பழனிக்கு நடப்பது இதெல்லாம் நாம் காலங்காலமாகச் செய்வது, ஆனால் அதில் நம் கைக்காசும் நம் காலும் மட்டும்தான். நான் ஓடுகிறேன், நீங்கள் பணம் கொடுங்கள் என்று மற்றவர்களிடம் கேட்கிற முறை மேற்கிலிருந்து வந்தது. லண்டன் மாரத்தான் 1981இல் தொடங்கியது, இன்று அதில் ஓடுகிறவர்களில் ஏராளமானோர் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயரில்தான் ஓடுகிறார்கள், 2025 ஓட்டத்தில் மட்டும் எட்டுக் கோடி பவுண்டுக்கு மேல் திரண்டது. நம் பக்கம் 2004இல் மும்பை மாரத்தான் வந்த பிறகுதான் இது பரவலானது. ஆனால் இந்த மாதிரி ஓட்டத்துக்கெல்லாம் முன்மாதிரி என்று ஒரே ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் கனடாவின் டெரி ஃபாக்ஸைச் சொல்வேன். எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது காலை எடுத்துவிட்டார்கள். சிகிச்சையின்போது வார்டில் பார்த்த முகங்களை மறக்க முடியாமல், 1980 ஏப்ரல் 12ஆம் தேதி கனடாவின் கிழக்குக் கோடியிலிருந்து செயற்கைக் காலோடு ஓட ஆரம்பித்தார். 143 நாள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1ஆம் தேதி தண்டர் பே ஊருக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று, புற்று நுரையீரலுக்குப் போயிருந்தது. அடுத்த ஜூனில் இறந்துவிட்டார், 22 வயது. அவர் பெயரில் நடக்கிற ஓட்டம் சென்னை ஐஐடி வளாகத்தில்கூட நடந்திருக்கிறது.

அவரை எதற்காக இழுக்கிறேன் என்றால் இரண்டு விஷயத்துக்காக. ஒன்று, ஆளுக்கு ஒரு டாலர் என்றுதான் அவர் கேட்டார், நாட்டின் மக்கள் தொகை இரண்டு கோடியே நாற்பது லட்சம், அத்தனை டாலர். 1981 பிப்ரவரிக்குள் அது சேர்ந்துவிட்டது, அவர் பாதியில் நின்ற பிறகும். இரண்டாவது, கிளம்புவதற்கு முன் ஒரு வருஷத்துக்கு மேல் பயிற்சி எடுத்திருக்கிறார். இந்த இரண்டாவது விஷயத்தை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

சரி, பணம். உங்கள் ஜிபே எண்ணைப் போடாதீர்கள். உங்கள் மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் உங்களுக்கு வரும் தொகை மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டியது மட்டுமில்லை, முழுத் தொகையும் உங்கள் வருமானமாக எடுத்துக்கொள்ளப்படும். 'இது எனக்கு வந்த அன்பளிப்பு இல்லை, ஆஸ்பத்திரிக்காக வாங்கி வைத்தது' என்று சொல்லலாம், நியாயமும் இருக்கிறது, ஆனால் அதைக் காகிதத்தில் காட்ட வேண்டிய வேலை உங்களுடையது. அதோடு, நீங்கள் மொத்தமாகச் சேர்த்துக் கட்டினால் ரசீது உங்கள் பெயரில்தான் வரும், கொடுத்தவர்கள் யாருக்கும் நன்கொடைக்கான வருமான வரிக்கழிவு (80ஜி என்று சொல்வார்களே, அது) கிடைக்காது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கழிவு, புதிய முறைக்கு மாறியவர்களுக்கு இல்லை. கிடைப்பவர்களுக்கும் பெரும்பாலான நிறுவனங்களுக்குக் கொடுப்பதில் பாதித் தொகைக்குத்தான், அதற்கும் வருமானத்தை ஒட்டி ஓர் உச்சவரம்பு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் எதுவும் கிடையாது. இதெல்லாம் சந்தேகமே இல்லாத விதிகள்.

ஆகவே செய்ய வேண்டியது: இன்ஸ்டிடியூட்டின் நன்கொடைப் பிரிவுக்கு நேரில் போங்கள். நான் இன்னார் நினைவாக இந்தத் தேதி ஓடப் போகிறேன், என் நண்பர்கள் நேராக உங்களுக்கே அனுப்புவார்கள், 'இன்னார் நினைவாக' என்ற குறிப்போடு வருவதைத் தனியாகச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். கொடுக்கிறவர்கள் பெயர், முகவரி, பான் எண்ணையும் சேர்த்து அனுப்பினால்தான் சான்றிதழ் வரும் என்பதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், மார்ச் மாதம் வந்ததும் 'ஏம்பா, எனக்கு ரசீது வரலையே' என்று உங்களைத்தான் பிடிப்பார்கள். இணையத்தில் நிதி திரட்டும் தளங்களும் உண்டு, அவற்றில் போவதானால் கட்டணம் எவ்வளவு, பணம் எத்தனை நாளில் போய்ச் சேரும், ரசீது யார் கொடுப்பார்கள் என்ற மூன்றையும் படித்துவிட்டுப் போங்கள். கேட்கும்போது, எந்தச் செலவுக்குப் போகும் என்றும் கேளுங்கள். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் நன்றாகக் குணமாகக் கூடியவர்கள் நிறைய. நம் நாட்டில் பாதியில் சிகிச்சையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவது இதில் பெரிய சிக்கல். மருந்துச் செலவைக் காப்பீட்டுத் திட்டம் பார்த்துக்கொண்டாலும், மாதக் கணக்கில் சென்னையில் தங்குவது, சாப்பாடு, அப்பாவின் கூலி போவது இதையெல்லாம் யார் பார்ப்பது? அதற்குப் போகிறது என்று சொல்ல முடிந்தால் கொடுக்கிறவர்களுக்கும் மனசு வரும்.

வெளிநாட்டில் இருக்கிற வகுப்புத் தோழர்கள் விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டு, இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடைதான், அவர் உங்களோடு ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவராக இருந்தாலும். அதை வாங்க நிறுவனத்துக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு (எஃப்சிஆர்ஏ) இருக்க வேண்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் அதற்கென்று உள்ள கணக்கில்தான் போட வேண்டும். 'நான் உனக்கு அனுப்புகிறேன், நீ இங்கே கட்டிவிடு' என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பணம் நேராகப் போனாலும் ஒரு நோட்டு போடுங்கள், கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி: தேதி, பெயர், ஊர், தொகை, நன்றி சொல்லியாயிற்றா. ஓட்டத்துக்குப் பதிவுக் கட்டணம், ஷூ, பனியன் அச்சடிப்பது எதுவும் திரட்டின பணத்திலிருந்து போகக் கூடாது, அது உங்கள் கைக்காசு. ஓட்டத்துக்குக் கட்டுகிற கட்டணம் அப்படியே தர்மத்துக்குப் போகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அதில் பெரும்பகுதி சாலை, தண்ணீர், ஆம்புலன்ஸ் என்று ஓட்டம் நடத்தவே போகும்.

எவ்வளவு வரும் என்பது யாராலும் சொல்ல முடியாத விஷயம். நான் பார்த்த வரையில், கொடுக்கிறவர்கள் இறந்தவரைத் தெரிந்தவர்கள், அப்புறம் உங்களைத் தெரிந்தவர்கள், அவ்வளவுதான். முகம் தெரியாதவர்கள் லைக் போடுவார்கள். அதனால் ஐந்து லட்சம் என்று பெரிய எண்ணைத் தலையில் எழுதி வைக்காமல், நேரில் கேட்கக் கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டு இலக்கு வையுங்கள். கேட்கும்போது உங்கள் ஓட்டத்தைப் பற்றிக் கம்மியாகவும் அவரைப் பற்றி அதிகமாகவும் எழுதுங்கள், வீட்டில் சரி என்று சொன்ன அளவுக்கு. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'ஹாஸ்டல் மெஸ்ஸில் கடைசி ஆளாக வந்து, மீதி ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பானே, அவன் நினைவாக ஜனவரியில் 21 கிலோமீட்டர் ஓடுகிறேன். அவனுக்கு வந்த நோய் வந்து அடையாறில் படுத்திருக்கிற குழந்தைகளுக்காக, முடிந்ததைக் கீழே உள்ள கணக்கில் போடுங்கள். நூறு ரூபாய் என்றாலும் போடுங்கள்.' ரசம் நான் இட்டுக்கட்டியது, உங்களுக்கு உண்மையாகவே ஒன்று ஞாபகம் இருக்கும். குழுவில் போட்டால் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், தனித்தனியாக அனுப்புங்கள். முதல் தொகையை நீங்களே போட்டுவிட்டுக் கேளுங்கள்.

இனி கால்கள். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். ஓடியே பழகாதவர் ஐந்து மாதத்தில் முடித்திருக்கிறாரா என்றால், முடித்திருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். நடுவில் முட்டி, முட்டிக்குக் கீழே முன்கால் எலும்பு, குதிகால் என்று ஏதோ ஒன்றில் அடிபட்டு நின்றவர்களை அதைவிட நிறையப் பார்த்திருக்கிறேன். மூச்சும் இதயமும் சீக்கிரம் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் பழக மாதக் கணக்கில் ஆகும், ஆறாவது ஏழாவது வாரத்தில் 'இவ்வளவுதானா' என்று தோன்றும்போதுதான் அடிபடும். அதோடு உங்கள் ஐந்து மாதத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிற வாரங்கள் வரும், வீட்டில் யாருக்காவது டெங்கு வரும். காகிதத்தில் இருபது வாரம் என்று எழுதினால் கையில் கிடைப்பது பதினைந்து பதினாறு. அரை மாரத்தானுக்கு அது தாராளம். முழுத் தூரத்துக்கு ஒரு வாரம் தவறினாலும் அவசரம் பிடித்துக்கொள்ளும்.

'நினைவாக ஓடுகிறேன், பாதி ஓடினால் எப்படி' என்று உங்களுக்குத் தோன்றலாம். முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது 1920களில். அந்தத் துக்கத்திலிருந்துதான் நீங்கள் பணம் கொடுக்கப் போகிற ஆஸ்பத்திரி வந்தது. அது திறந்தது 1954இல், பன்னிரண்டு படுக்கையோடு. உங்களை இந்த ஜனவரிக்குள் முடி என்று யாரும் நெருக்கவில்லை. இந்த வருஷம் அரை, உடம்பு ஒத்துழைத்தால் அடுத்த வருஷம் முழுசு.

ஷூ வாங்குவதற்கு முன்னால் டாக்டரிடம் போங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இசிஜி. அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், நம் ஜனங்களுக்கு இதய நோய் மற்றவர்களைவிடச் சில வருஷம் முன்னதாகவே வருகிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை அரை, முழு மாரத்தான்களில் ஓடிய ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களை எடுத்துப் பார்த்த ஆய்வில் இதயம் நின்றுபோனது 59 பேருக்கு, அதில் 42 பேர் இறந்தார்கள். அதாவது மிக அரிது, அதில் பெரும்பாலோர் ஆண்கள், அரையைவிட முழுத் தூரத்தில் அதிகம். நம் ஊர் வெயிலுக்கும் நம் ஊர் உடம்புக்கும் அதே எண்ணை அப்படியே பொருத்த முடியாது, அதனால்தான் டாக்டர்.

பயிற்சி வாரத்துக்கு நான்கு நாள் போதும். முதல் ஆறு வாரம் ஓடுவதும் நடப்பதும் மாற்றி மாற்றி, இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், முடியவில்லை என்றால் வேகம் அதிகம். ஞாயிறு மட்டும் நீளம், மெதுவாகக் கூட்டி டிசம்பர் நடுவில் 18 கிலோமீட்டரைத் தொட்டால் போதும், கடைசி இரண்டு வாரம் குறைத்துவிடுங்கள். ஓட்டத்தன்றும் நடந்து ஓடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன், ஆனால் அது அனுபவத்தில் வந்த வழக்கம், நிரூபணமான விதி கிடையாது. நெதர்லாந்தில் புதிதாக ஓட வந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மெதுவாகக் கூட்டியும் மறுபாதிக்குச் சீக்கிரம் கூட்டியும் பார்த்து 2008இல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அடிபட்டிருந்தது. முட்டி தேய்ந்துவிடும் என்று வீட்டில் சொல்வார்கள் பாருங்கள், அதற்கும் ஆதாரம் பலமாக இல்லை. பொழுதுபோக்காக ஓடுகிறவர்களுக்கு, ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களைவிட முட்டி, இடுப்புத் தேய்மானம் குறைவு என்றுதான் 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஓடுவதால் குறைகிறதா, இல்லை நல்ல முட்டி இருப்பவர்கள்தான் ஓடுகிறார்களா என்பது அதில் தெளிவாகவில்லை. 84 கிலோவில் ஆரம்பிக்கும்போது தார் ரோட்டைவிட மண் பாதை நல்லது, அது என் அபிப்பிராயம்.

சென்னையில் வெப்பத்தைவிட ஈரப்பதம்தான் ஆளைக் கவிழ்க்கும். ஜனவரி விடிகாலையில்கூட பனியன் பிழிகிற மாதிரி நனைந்துவிடும், அந்த ஈரத் துணி உரசி மார்க்காம்பில் ரத்தம் வரும், தொடை இடுக்கு எரியும். வாசலின் தடவிக்கொள்ளுங்கள், நினைவுப் படம் அச்சடித்த புதுப் பனியனை முதல் முறை அன்றைக்குப் போடாதீர்கள், நெஞ்சில் ஒட்டின பெரிய பிளாஸ்டிக் அச்சு காற்றே விடாது. படம் வேண்டுமென்றால் முதுகில் சின்னதாகப் போடுங்கள். பயத்தில் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் என்கிற உப்பு குறைந்திருந்தது, வழியில் அளவுக்கு மீறிக் குடித்தது அதற்கு முக்கியக் காரணம். தாகத்துக்குக் குடியுங்கள், நடுவில் ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல்) சேர்த்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், தண்ணீர் வற்றின உடம்பில் அது கிட்னியைப் பிடிக்கும். காய்ச்சல் வந்து இரண்டு வாரத்துக்குள் ஓட்டம் என்றால் வீட்டிலேயே இருங்கள்.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். உடம்பை வருத்தி ஓடினால் போய்ப் பார்க்காத பாரம் இறங்குமா? சிலருக்கு இறங்கியதாகச் சொல்கிறார்கள். வேறு சிலர் மெடலோடு வீட்டுக்கு வந்து, அடுத்த வாரம் ஓடுவதற்கும் ஒன்றுமில்லாமல், முன்னைவிட மோசமாகச் சுருண்டுகொண்டதையும் பார்த்திருக்கிறேன். இதில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றும் இல்லை. ஆனால் என்ன பேசுவது என்று தெரியாமல் அன்று ஆஸ்பத்திரிக்குப் போகாதவர், இன்று வீட்டுக்கும் போகாமல் நேராக ஓடப் போய்விட்டால், அதே வாசலை இரண்டாம் முறையும் சுற்றிப் போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் அனுமதி கேட்கும் வேலையை முதலில் வைத்தேன், போனில் கேட்கலாம் என்றும் சொல்லவில்லை. பெரிதாகப் பேச ஒன்றும் வேண்டாம். 'வந்திருக்கணும், வரலை' என்று சொன்னால் போதும், மீதியை அவர்கள் பேசுவார்கள். தூக்கமில்லை, வேலை ஓடவில்லை என்று மாதக் கணக்கில் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

பணம் தவிர இன்னொன்றும் யோசியுங்கள், அவருடைய நோய் அது என்பதால். ரத்தப் புற்றுநோயில் பலருக்குக் குருத்தணு (ஸ்டெம் செல்) மாற்று தேவைப்படும், அதாவது பொருந்துகிற இன்னொருவரின் ரத்தம் உண்டாக்கும் அணுக்கள், வீட்டில் யாருடையதும் பொருந்தவில்லை என்றால் கொடையாளர் பதிவேட்டில்தான் தேட வேண்டும். சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி என்கிற அமைப்பு இந்தப் பதிவைச் செய்கிறது, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி எடுப்பார்கள், அவ்வளவுதான். பதிந்துவிட்டு, வருஷங்கள் கழித்துப் பொருத்தம் கிடைத்து அழைக்கும்போது பின்வாங்குவது நோயாளிக்குப் பெரிய இடி, அதனால் வீட்டில் பேசிவிட்டுப் பதியுங்கள். ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் (பிளேட்லெட்) எடுத்து வைத்தால் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது, ரத்த வங்கிக்கு எப்போதும் தேவை. பணம் கொடுக்க முடியாத நண்பர்களிடம் இதைக் கேட்கலாம். நீங்கள் மட்டும் ஓட்டத்துக்கு முந்தின மாதம் முழு ரத்தம் கொடுக்காதீர்கள், சிவப்பணு திரும்ப ஏறச் சில வாரம் ஆகும், ஓட்டம் படுத்துவிடும்.

கடைசியாக, நடுவில் அடிபட்டு ஓட முடியாமல் போனால்? பணம் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும், திருப்பிக் கொடுக்கிற கேள்வியே இல்லை. கொடுத்த எல்லோருக்கும் அன்றைக்கே இரண்டு வரி எழுதிவிடுங்கள்: கால் இப்படி ஆகிவிட்டது, இதுவரை இவ்வளவு சேர்ந்திருக்கிறது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று. ஓடி முடித்தாலும் அதே மாதிரிதான், ஒரு வாரத்துக்குள் மொத்தம் எவ்வளவு என்று நோட்டைப் பார்த்து எழுதி, ஆஸ்பத்திரி கொடுக்கிற கடிதத்தின் நகலை அவர் வீட்டில் வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். சில வீடுகளில் அதை வாங்கி பீரோவில் வைத்துவிடுவார்கள், சில வீடுகளில் வேண்டாம் என்பார்கள்.